பாயி: நிலாவின் விளிம்பில் ஒளிந்திருக்கும் பெருங்குழியும் அதன் புதுச்சேரி அண்டைவீட்டுக்காரரும்

நிலாவில் நமக்குத் தெரியும் பக்கத்தில் மிகப் பெரிய கிண்ணக்குழி எது என்று கேட்டால், தொலைநோக்கியில் நிலா பார்க்கும் பழக்கம் உள்ளவர்களில்கூடப் பலர் கிளேவியஸ் என்பார்கள், சிலர் டைக்கோ என்பார்கள். இரண்டும் இல்லை. டைக்கோ 85 கி.மீ. அகலம்தான், அதைச் சுற்றி விசிறியடித்த வெள்ளைக் கோடுகள் பௌர்ணமியன்று வெறும் கண்ணுக்கே தெரிவதால் பெரியதாகத் தோன்றுகிறது. கிளேவியஸ் 230 கி.மீ. பக்கம் வரும். உண்மையான பெரியவர் நிலாவின் தென்மேற்கு ஓரத்தில், விளிம்போடு விளிம்பாக ஒட்டிக்கொண்டு கிடக்கும் பாயி, அகலம் சுமார் 300 கி.மீ.

எங்கள் ஊர்க்காரர்கள் இந்தக் குழியைத் தெரிந்து வைத்திருக்க ஒரு காரணம் இருக்கிறது, பாயியின் தெற்குப் பக்கத்துக் குழிக்கு வைத்திருக்கும் பெயர் புதுச்சேரியில் வந்து ஏமாந்துபோன ஒருவருடையது. அதற்கு அப்புறம் வருகிறேன். முதலில் அளவு.

300 கி.மீ. என்பது காகிதத்தில் ஒரு எண், அவ்வளவுதான். வரைபடத்தை எடுத்துச் சென்னையிலிருந்து திருச்சிக்கு நேர்கோடு போட்டால் ஏறக்குறைய அதே நீளம் வரும். அந்தக் கோட்டை விட்டமாக வைத்து வட்டம் போடுங்கள். நடுப்புள்ளி விழுப்புரத்தில் விழும். புதுச்சேரியும் கடலூரும் வட்டத்தின் மையத்திலிருந்து கொஞ்சம் தள்ளி, தரைப்பகுதியில் இருக்கும், கிழக்குச் சுவர் வங்கக்கடலுக்குள் வெகுதூரம் போய்விடும். ஆழம் சராசரியாக நான்கு கி.மீ.யைத் தாண்டுகிறது, நம் தொட்டபெட்டாவைவிட அதிகம். ஆனால் 300 கி.மீ. அகலத்துக்கு நான்கு கி.மீ. ஆழம் என்பது குழி என்று சொல்லவே கூச்சப்பட வேண்டிய விகிதம்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அந்த விழுப்புரத்தில், அதாவது பாயியின் நட்டநடுவில் ஒருவர் போய் நின்றால், சுற்றிலும் நான்கு கி.மீ. உயரச் சுவர் தெரியும் என்றுதானே நினைப்போம். தெரியாது. நிலா சின்ன உருண்டை, ஆரம் 1737 கி.மீ.தான், அதனால் தரை பூமியில் இருப்பதைவிட வேகமாக வளைந்து கீழே இறங்குகிறது. கணக்குப் போட்டுப் பார்த்தால், 150 கி.மீ. தொலைவில் தரை ஆறரை கி.மீ. தாழ்ந்துவிடுகிறது, நான்கு கி.மீ. சுவர் முழுக்க அடிவானத்துக்குக் கீழே போய்விடும். தான் நிற்பது நிலாவின் இந்தப் பக்கத்திலேயே பெரிய குழிக்குள் என்பதே அவருக்குத் தெரியாது. கரடுமுரடான மேட்டு நிலத்தில் நிற்பதாகத்தான் நினைப்பார்.

சரி, இவ்வளவு பெரியது ஏன் யார் கண்ணிலும் படுவதில்லை? இருக்கும் இடம் அப்படி. நிலாவின் முகத்தின் நடுப்புள்ளியிலிருந்து பாயியின் மையம் 82 பாகை தள்ளி இருக்கிறது, 90 பாகை என்றால் விளிம்பு. சாப்பாட்டுத் தட்டைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து, கிட்டத்தட்ட படுக்கை நிலைக்குச் சாய்த்தால் வட்டம் போய் மெல்லிய கீற்று மிஞ்சுமே, அந்த நிலைதான். 300 கி.மீ. அகலம் ஒரு திசையில் அப்படியே தெரிகிறது, குறுக்கே வெறும் 40 கி.மீ. சொச்சத்துக்குச் சுருங்கிவிடுகிறது. அதுவும் சராசரி நாளில். சில நாள் அதுவும் கிடைக்காது, குழியின் எதிர்ப்பக்கச் சுவர் நிலாவின் பின்புறத்துக்குப் போய் ஒளிந்துகொள்ளும். சில நாள் தாராளமாகத் திரும்பி இரண்டு மடங்கு அகலம் காட்டும்.

நிலா எப்போதும் ஒரே முகத்தைத்தான் நமக்குக் காட்டுகிறது என்று பள்ளிக்கூடத்தில் படித்தது முக்கால் உண்மைதான். ஒரு நேரத்தில் பாதி தெரிந்தாலும், மாதக்கணக்கில் பார்த்துக்கொண்டே இருந்தால் மொத்தம் 59 சதவீதம் பரப்பு கண்ணுக்கு வந்துபோகிறது. காரணம் ஊசலாட்டம். இதில் இரண்டு ஆட்டங்கள் முக்கியம்.

முதலாவது, இடவல ஆட்டம். சந்திரன் தன்னைத்தானே சுற்றுவது ஒரே சீரான வேகத்தில். பூமியைச் சுற்றுவது அப்படி இல்லை, பாதை நீள்வட்டம் என்பதால் பூமிக்குக் கிட்டே வரும்போது வேகமாகவும் விலகும்போது மெதுவாகவும் போகிறது. ஒன்று சீராக, ஒன்று சீரில்லாமல் ஓடினால் இடையில் வித்தியாசம் விழத்தானே செய்யும், அந்த வித்தியாசத்தில் முகம் கொஞ்சம் இடப்பக்கமும் கொஞ்சம் வலப்பக்கமும் திரும்புகிறது, அதிகபட்சம் எட்டுப் பாகைக்குக் கிட்டே. கிட்டே வந்து மறுபடி கிட்டே வர 27 நாளும் 13 மணி நேரமும் ஆகும்.

இரண்டாவது, மேல்கீழ் ஆட்டம். பாயிக்கு இதுதான் பெரிய விஷயம், அது தெற்கு ஓரத்தை ஒட்டி இருப்பதால். நிலாவின் அச்சு அதன் சுற்றுப்பாதைக்குச் செங்குத்தாக இல்லாமல் 6.7 பாகை சாய்ந்திருக்கிறது. அதனால் பாதையின் ஒரு பாதியில் அதன் வடதுருவப் பக்கம் நம்மை நோக்கிச் சாயும், மறுபாதியில் தென்துருவப் பக்கம் சாயும்.

இந்த இரண்டு பாதிகளையும் பிரிக்கும் புள்ளிகள் எவை தெரியுமா? ராகுவும் கேதுவும்தான். சூரியன் போவதாகத் தெரியும் பாதையைச் சந்திரன் பாதை வெட்டும் இரண்டு இடங்கள் அவை. தெற்கிலிருந்து வடக்கே ஏறும் இடம் ராகு, வடக்கிலிருந்து தெற்கே இறங்கும் இடம் கேது. சந்திரன் ராகுவைத் தாண்டி கேதுவை நோக்கிப் போகும் வரை சூரிய வீதிக்கு வடக்கே இருக்கும், நாம் அதைக் கொஞ்சம் கீழேயிருந்து பார்க்கிறோம், எனவே தெற்கு ஓரம் நமக்குத் திறக்கும். பாதி வழியில், அதாவது ராகு இருக்கும் ராசியிலிருந்து எண்ணினால் நான்காவது ராசியை ஒட்டி, திறப்பு உச்சம். ராகு கும்பத்தில் இருக்கும் காலம் என்றால் சந்திரன் ரிஷபத்தை நெருங்கும் நாட்கள். இதைப் பார்க்க எந்த ஆப்பும் வேண்டாம், வீட்டில் தொங்கும் தினசரிக் காலண்டரில் ராசிக் கட்டமும் அன்றைய நட்சத்திரமும் இருந்தால் போதும். ஜோசியத்தில் எனக்கு ஒரு துளி நம்பிக்கை கிடையாது, ஆனால் பஞ்சாங்கத்தின் வானியல் பகுதியை அதோடு சேர்த்துத் தூக்கிப்போடுவது முட்டாள்தனம் என்று நினைக்கிறேன்.

இங்கேதான் புதுச்சேரி உள்ளே வருகிறது.

கியோம் லெ ஜாந்தி என்ற பிரெஞ்சு வானியலாளர் 1760இல் பிரான்சிலிருந்து கப்பல் ஏறினார். 1761 ஜூன் 6 அன்று வெள்ளிக்கோள் சூரியனுக்குக் குறுக்கே கடக்கும், அதைப் புதுச்சேரியிலிருந்து அளக்க வேண்டும், உலகின் பல மூலைகளிலிருந்து இப்படி அளந்தால் பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரம் கிடைக்கும் என்பது திட்டம். ஆனால் நடுவில் போர். 1758இல் கடலூர் தேவனாம்பட்டினத்தில் இருந்த ஆங்கிலேயரின் செயின்ட் டேவிட் கோட்டையை பிரெஞ்சுக்காரர்கள் பிடித்துத் தகர்த்திருந்தார்கள், 1761 ஜனவரியில் ஆங்கிலேயர்கள் புதுச்சேரியைப் பிடித்துக் கோட்டை, வீடு எல்லாவற்றையும் இடித்துத் தள்ளினார்கள். லெ ஜாந்தி கரை இறங்க முடியவில்லை. கடக்கும் நாளில் நடுக்கடலில் இருந்தார், வானம் தெளிவாகத்தான் இருந்தது, ஆடும் கப்பலிலிருந்து எடுத்த அளவு எதற்கும் உதவவில்லை.

அடுத்த வாய்ப்பு எட்டு ஆண்டுகள் கழித்து. மனிதர் ஊர் திரும்பவில்லை. மொரீஷியஸ், மடகாஸ்கர், மணிலா என்று சுற்றிவிட்டு 1768 மார்ச்சில் புதுச்சேரி வந்தார், அதற்குள் ஊர் மறுபடி பிரெஞ்சு கைக்கு வந்திருந்தது. ஆளுநர் லா தெ லோரிஸ்தோன் உதவியுடன் பழைய கோட்டையின் இடிபாட்டின் மேலேயே வானம் பார்க்கும் கூடம் கட்டிக்கொண்டார். மெட்ராஸில் இருந்த ஆங்கிலேயர்கள் தொலைநோக்கிகூட அனுப்பிவைத்தார்கள். 1769 ஜூன் 4 காலை. மேகம். கடப்பு முடியும் வரை மேகம். முடிந்த கொஞ்ச நேரத்தில் வெயில். பிறகு 1771இல் ஊர் திரும்பியபோது அவர் இறந்துவிட்டதாக முடிவுகட்டி, அறிவியல் கழகத்தில் அவருடைய இடத்தை வேறொருவருக்குக் கொடுத்திருந்தார்கள், சொந்தக்காரர்கள் சொத்தைப் பங்கு போடத் தொடங்கியிருந்தார்கள்.

இந்தச் சோகக் கதையை எல்லோரும் எழுதிவிட்டார்கள். எனக்கு அவருடைய காத்திருப்பைவிட அந்தக் காத்திருப்பில் அவர் செய்த இன்னொரு வேலை பெரியதாகப் படுகிறது. புதுச்சேரியில் இருந்த தமிழ்க் கணிதர்களிடம் உட்கார்ந்து அவர்கள் கிரகணம் கணிக்கும் முறையைக் கற்றுக்கொண்டார். 1765 ஆகஸ்ட் 30 சந்திர கிரகணத்தை எடுத்து ஒப்பிட்டுப் பார்த்தார். தமிழ்க் கணக்கு கிரகணத்தின் மொத்த நேரத்தை 41 வினாடி குறைவாகக் காட்டியது, அன்றைக்கு ஐரோப்பாவின் சிறந்த அட்டவணையாக இருந்த தோபியாஸ் மேயரின் கணக்கு 68 வினாடி அதிகமாகக் காட்டியது. ஒரே ஒரு கிரகணத்தை வைத்து யார் பெரியவர் என்று தீர்ப்புச் சொல்லக் கூடாது, சமூக வலைத்தளங்களில் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள் என்றாலும். ஆனால் ஐரோப்பிய அட்டவணையோடு வினாடிக் கணக்கில் போட்டி போட்டது என்பது சாதாரணமில்லை.

அந்த முறையின் அடித்தளம் வாக்கியங்கள். இன்றும் கடையில் விற்கும் வாக்கியப் பஞ்சாங்கத்தின் பெயரில் இருக்கும் அதே வாக்கியம்தான். சந்திரனுக்கு 248 வாக்கியங்கள், நாளுக்கு ஒன்று, எழுத்துகளுக்குள் எண்களை ஒளித்துவைத்த சின்னச் சின்னச் சொற்றொடர்கள், மனப்பாடம் செய்ய வசதியாக. ஏன் 248? சந்திரன் பூமிக்குக் கிட்டே வந்து, விலகி, மறுபடி கிட்டே வரும் சுற்று ஒன்பது முறை முடிந்தால் ஏறக்குறைய முழுசாக 248 நாள். அந்தச் சுற்றுக்குள் சந்திரன் எந்த நாளில் எவ்வளவு முந்தும், எவ்வளவு பிந்தும் என்பதை வாக்கியங்கள் சொல்லிவிடும். மேலே இடவல ஆட்டம் என்று சொன்னேனே, அதற்குக் காரணமான அதே முந்தல் பிந்தல். பாயியின் சுவர் இன்று தெரியுமா, நாளை தெரியுமா என்பதைத் தீர்மானிக்கும் இரண்டு ஆட்டங்களில் ஒன்று வாக்கியத்துக்குள்ளும் இன்னொன்று ராகு கேதுவுக்குள்ளும் இருக்கிறது.

லெ ஜாந்தி கொண்டுபோன குறிப்புகளைப் பிடித்துக்கொண்டவர் ழான் சில்வேன் பாயி. நம் குழியின் பெயர்க்காரர். வியாழனின் துணைக்கோள்களை ஆராய்ந்தவர், 1787இல் இந்திய வானியல் பற்றிப் பெரிய நூல் எழுதினார். அதில் கொஞ்சம் அளவுக்கு மீறிப் போய்விட்டார், கலியுகத் தொடக்கமான கி.மு. 3102இலேயே இங்கே நேரடியாக வானம் பார்த்து அளந்திருக்கிறார்கள் என்று வாதிட்டார், பிரெஞ்சுக் கணித மேதை லப்லாஸ் அதை ஏற்கவில்லை. லப்லாஸ் பக்கம்தான் நியாயம், பின்னால் கணக்கிட்டு முன்னால் கொண்டுபோய் வைத்த தொடக்கம் அது. அப்புறம் பிரெஞ்சுப் புரட்சி வந்தது, பாயி பாரிஸின் முதல் மேயர் ஆனார், 1793 நவம்பரில் கில்லட்டினில் தலை போனது. லெ ஜாந்தி அதற்கு முந்தைய ஆண்டே படுக்கையில் இறந்தார். நிலாவில் பாயிக்குத் தெற்கே, துருவத்தை நோக்கி, சுமார் 125 கி.மீ. அகலக் குழி லெ ஜாந்தி. வடக்கே பேங்க்ரே என்ற குழி, அதே வெள்ளிக் கடப்புக்காக 1761இல் ரொட்ரீக்ஸ் தீவுக்குப் போனவரின் பெயர். மூன்று பேரும் ஒரே தெருவில் இருக்கிறார்கள்.

இனி குழிக்குள் போவோம். பாயிக்கு வயது ஏறத்தாழ 390 கோடி ஆண்டுகள், நிலாவின் காலக் கணக்கில் நெக்டாரியக் காலம். உள்ளே பார்த்தால் சமதரை கிடையாது. கிரிமால்டி, பிளேட்டோ போன்ற பெரிய குழிகளில் பின்னால் எரிமலைக் குழம்பு ஊறி நிரம்பி, கருத்த மழமழ தரை ஆகிவிட்டது. பாயிக்குள் அப்படிக் குழம்பு எதுவும் நிரம்பவில்லை. அதனால் 390 கோடி ஆண்டு அடி அப்படியே தெரிகிறது, குழி மேல் குழி, மேடு மேல் மேடு, வெளிச்சுவரே பல இடத்தில் சிதைந்து எது சுவர் எது மலை என்று பிரிக்க முடியாத நிலை. இருப்பதில் தெளிவானது தென்கிழக்குச் சுவரை உடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பாயி பி, சுமார் 65 கி.மீ., அதோடு ஒட்டிக்கொண்டு பாயி ஏ. பெரிய குழிக்குள்ளும் ஓரத்திலும் இருக்கும் சின்னவற்றுக்குப் பெரியதன் பெயரோடு ஓர் எழுத்தைச் சேர்ப்பது நிலா வரைபட வழக்கம். எது எதன் மேல் விழுந்திருக்கிறது என்று பார்த்தாலே எது முந்தி எது பிந்தி என்று சொல்லிவிடலாம், பாயி பி சுவரை உடைத்திருக்கிறது, எனவே சுவருக்கு இளையது.

பாயியைக் குழி என்பதா, படுகை என்பதா என்பதில் நிலவியலாளர்களிடையே இரண்டு வழக்கும் உண்டு. நிலாவில் சின்ன மோதல் வெறும் கிண்ணம். 20 கி.மீ. அளவைத் தாண்டினால் அடித்தரை அழுத்தம் நீங்கியதும் எம்பி நடுவில் சிகரம் எழும், சுவர்கள் தங்கள் பாரத்தைத் தாங்காமல் படிப்படியாகச் சரியும். இன்னும் பெரிதாகப் போனால் எம்பிய நடுமலையும் நிற்காமல் சரிந்து வெளியே பரவி வளையமாக மாறும், அப்படி உள்வளையம் வந்தால் அது படுகை. 300 கி.மீ. அந்தக் கோட்டின் மேலேயே நிற்கும் அளவு. பாயிக்குள்ளும் சுமார் 150 கி.மீ. விட்டத்தில் உள்வளையத்தின் மிச்சம் அடையாளம் காணப்பட்டிருக்கிறது, ஆனால் தொலைநோக்கியில் அதைப் பிரித்துப் பார்ப்பது நம் வேலை இல்லை.

சுற்றுப்புறம் குழியைவிடப் பார்க்க அழகு என்பது என் கட்சி. வடகிழக்கிலிருந்து கிழக்காக ஸூக்கியஸ், பெட்டினஸ், கிர்ஷர் என்று மூன்று குழிகள், மூன்றும் 60, 70 கி.மீ. அளவில். மூவரும் சேசு சபைப் பாதிரியார்கள், 1651இல் நிலா வரைபடத்தில் பெயர் சூட்டிய ரிச்சியோலியும் அதே சபை என்பதால் தெற்குப் பக்கம் முழுக்கச் சபைக்காரர்கள் நிறைந்திருக்கிறார்கள். (அந்தச் சபைக்காரர்களுக்கும் எங்கள் ஊருக்கும் வானத்தில் கணக்கு உண்டு, ஆல்ஃபா சென்டாரி இரட்டை நட்சத்திரம் என்று 1689இல் கண்டுபிடித்த பாதிரியார் ரிஷோ அதைப் பார்த்தது புதுச்சேரியிலிருந்துதான்.) மூன்றில் ஸூக்கியஸ் இளையது, விளிம்பு கூர்மையாக, நடுவில் சிகரக் கூட்டத்தோடு இருக்கும். மேற்கே, விளிம்பின் மேலேயே, ஹவுசன், 167 கி.மீ. அகலம், படிப்படியான சுவரும் நடுச்சிகரங்களும் கொண்டது. ஊசலாட்டம் நன்றாக வாய்த்த நாளில் அந்தச் சிகரங்கள் பக்கவாட்டில் எட்டிப் பார்க்கும், வாய்க்காத நாளில் ஹவுசன் என்று ஒன்று இருப்பதே தெரியாது. கொஞ்சம் வடக்கே போனால் ஷில்லர், 180 கி.மீ. நீளமும் 70 கி.மீ. அகலமுமாக இழுத்துவிட்ட விசித்திரக் குழி. அதற்கு மேற்கே வார்கென்டின், எரிமலைக் குழம்பு விளிம்பு வரை நிரம்பி உறைந்து, குழியே மேடையாகிவிட்ட ஆள்.

சந்திரயான்-3 இறங்கிய இடமும் பாயியும் ஏறக்குறைய ஒரே தெற்கு அட்சரேகையில்தான், ஒன்று 69 பாகை, மற்றது 67. ஆனால் விக்ரம் கிழக்கு அரைப் பக்கத்தில் இறங்கியது, இடையில் ஆயிரம் கி.மீ. தூரம். அங்கே வெயில் எப்படி இருக்கும் என்பதற்கு இந்த அட்சரேகை முக்கியம். பாயியில் உச்சி வேளையிலும் சூரியன் 23 பாகைக்கு மேல் பெரிதாக ஏறாது, நிழல்கள் எப்போதும் நீளம். பூமி அடிவானத்துக்கு மேலே சராசரியாக எட்டுப் பாகையில் தொங்கும், அதுவும் நிலையாக இல்லாமல் நாள்கணக்கில் மெதுவாக ஏறி இறங்கிக்கொண்டு. குழியின் எதிர்ப்பக்கச் சுவரை ஒட்டிய இடங்களில் பூமி சில நாட்களுக்கு முழுசாக மறைந்து, திரும்ப எழும். நிலாவில் பூமி உதிக்காது, மறையாது என்பார்களே, இந்த ஓரத்தில் அந்த விதி செல்லாது.

எப்போது பார்ப்பது? பௌர்ணமியன்று பார்க்காதீர்கள். அன்று சூரிய வெளிச்சம் நேராக விழுந்து நிழலே இல்லாமல் எல்லாம் வெள்ளையடித்துப் போயிருக்கும். பகல் இரவு எல்லைக்கோடு பாயியின் மேல் ஏறும் நாள் வேண்டும், அது வளர்பிறைத் திரயோதசி, சதுர்த்தசி வாக்கில். வளர்பிறைப் பிரதோஷத்தன்று அல்லது மறுநாள் என்று வைத்துக்கொள்ளுங்கள், ஞாபகம் வைக்க அதைவிட வசதி இல்லை. எழும்போதே பார்க்க ஆசைப்பட்டுக் கடற்கரைக்குப் போனால், கடலுக்கு மேல் வரும் நிலாவில் பாயி வலது ஓரத்தில் கொஞ்சம் கீழே இருக்கும், ஆனால் அடிவானத்துக் காற்றும் உப்பு மூட்டமும் படத்தைக் கலக்கி அடிக்கும். ஒன்பது மணிக்கு மேல் நிலா உயர ஏறட்டும். புதுச்சேரி கடற்கரைச் சாலைக்கோ கடலூர் வெள்ளிக் கடற்கரைக்கோ போக வேண்டிய அவசியமும் இல்லை, நிலா பார்க்க இருட்டு தேவையில்லை, மொட்டைமாடி போதும், தெருவிளக்கு எரிந்தாலும் பரவாயில்லை.

நான் மாடியில் வைத்துப் பார்ப்பது நாலரை அங்குலத் தொலைநோக்கி, நூறு மடங்குக்குக் கொஞ்சம் மேல் உருப்பெருக்கம். டைக்கோவில் தொடங்கி, கிளேவியஸுக்கு இறங்கி, அங்கிருந்து விளிம்பை ஒட்டியே ஷில்லர் வரை வந்து, அந்த மூன்று பாதிரியார்களைத் தேடுங்கள். அவர்களுக்கு அப்பால் விளிம்பை ஒட்டி நீளமாக, உள்ளே கறுப்பும் வெள்ளையுமாகப் புள்ளியிட்ட பட்டை ஒன்று தெரியும். பாயி பி மட்டும் ஒரு முனையில் மையைக் கொட்டியது போல் முழு நிழலில் கிடக்கும், அதன் எதிர்ச்சுவர் நுனி மட்டும் மெல்லிய வெள்ளை வளைவாக. அதைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் ஒவ்வொன்றாகக் கண்ணுக்குப் பிடிபடும். பார்த்து முடித்ததும் கண்ணாடிக்கு மூடியைப் போடுங்கள், கடற்காற்றில் ஈரம் படிந்தால் பூஞ்சை பிடித்துவிடும், எங்கள் ஊரில் தொலைநோக்கி வீணாவது பெரும்பாலும் அப்படித்தான்.

ராகு கும்பத்தில் இருக்கும்போது ரிஷபத்துச் சந்திரன் நல்லது என்றேன் அல்லவா, அந்த ராசியில் நிலா பௌர்ணமியை நெருங்கும் மாதம் கார்த்திகை. தீபத்துக்கு ஒன்றிரண்டு நாள் முன்னால் தெற்கு ஓரம் நன்றாகத் திறந்து, வெளிச்சமும் சரியான கோணத்தில் விழும் நாள் வாய்க்கலாம். ஆனால் அது இங்கே வடகிழக்குப் பருவமழை கொட்டும் மாதம், வானம் மூடியிருந்தால் லெ ஜாந்தியைப் போல எட்டு ஆண்டு எல்லாம் காத்திருக்க வேண்டாம், தை மாத வளர்பிறையில் மறுபடி பாருங்கள், திறப்பு கொஞ்சம் குறைந்திருக்கும், பாயி பி அப்போதும் தெரியும்.